கதிர் அரிவாளும் கால் பங்குக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் பழமொழி. பெண் பார்க்கச் செல்லும் இடத்தில் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை எனலாம். ஆனால் உயிரியல் தேர்வில் இப்பழமொழியை எழுதி மதிப்பெண் வாங்க இயலாது. பிள்ளையின் அமைப்பில் தந்தைக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பது ஒரு காரணம். தாயிடமும் காணப்படாத, தந்தையிடமும் காணப்படாத ஒன்று பிள்ளையிடம் வெளிப்படுவதும் உண்டு என்பது மற்றொரு காரணம். இக்கட்டுரை இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். உயரம், தோலின் நிறம் போன்ற பண்புகளைப் பல ஜீன்கள் சேர்ந்தும், உணவும் வெயிலும் போன்ற சூழ்நிலைகள் சேர்ந்தும் தீர்மானிக்கின்றன. அவற்றிற்கு எளிய கணக்குப் போட முடியாது. ஒரே ஒரு ஜீன் தீர்மானிக்கும் பண்புகளுக்கே பள்ளிப் பாடத்தில் வரும் கட்டக் கணக்கு பொருந்தும். நாக்கைக் குழல்போலச் சுருட்டுவது அத்தகைய ஒரு ஜீன் பண்பு என்று நாமெல்லாம் பள்ளியில் சுருட்டிக் காட்டி மகிழ்ந்திருக்கிறோம். அது அவ்வளவு எளிதன்று. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் சுருட்ட, மற்றவரால் இயலாமற்போவதை 1952-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி விட்டார்கள். எனினும் நாக்கு இன்னும் பாடங்களில் சுருண்டுகொண்டுதான் இருக்கிறது!

கிரிகோர் மெண்டல் இவ்வகையில் அறிவாளி. அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ப்ருன் நகரில் துறவியாக வாழ்ந்த அவர், பட்டாணிச் செடியில் ‘இது அல்லது அது’ என்று பிரித்துச் சொல்லக்கூடிய பண்புகளை மட்டுமே தேர்ந்தெடுத்தார். உருண்டை விதைச் செடியையும் சுருக்க விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை விதைகள் எல்லாம் உருண்டையாகவே அமைந்தன. அவற்றை விதைத்துத் தம்முள்ளே மகரந்தச் சேர்க்கை அடையவிட்டபோது கிடைத்த விதைகள் 7,324. அவற்றில் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை முழுவதும் காணாமற்போன சுருக்கம் அழிந்துவிடவில்லை. மறைந்திருந்து, பேரப்பிள்ளைகளிடம் கால் பங்காக வெளிப்பட்டது. 1866-இல் அச்சேறிய இவ்வுண்மையை உலகம் 1900-ஆம் ஆண்டில்தான் திரும்பிப் பார்த்தது. அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே மெண்டல் மறைந்துவிட்டார்.

பட்டாணி நம் மண்ணின் பயிரன்று. இங்கே சோளமும் பருத்தியும் மக்காச்சோளமும்தான். ஆகவே நம் தமிழ்நாட்டிலேயே, மனிதரிடத்திலேயே அமைந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இக்கணக்கைக் காண்போம். அதுதான் கதிர் அரிவாள் செல் சோகை.

கதிர் அரிவாளை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூரை இறவாணத்தில் இரண்டு கருக்கரிவாள்கள் எப்பொழுதும் செருகியிருக்கும். இரத்தச் சிவப்பணு இயல்பாக வட்டமாக, நடுவில் குழிந்த தட்டுப்போல இருக்கும். இந்நோய் உள்ளவரின் சிவப்பணு, ஆக்சிஜன் குறையும்போது வளைந்து விறைத்து அரிவாள் வடிவம் கொள்கிறது. 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் இவ்வடிவத்தைக் கண்டு எழுதினார். ஆகவே இது ஆப்பிரிக்க வழியினரின் நோய் என்று நெடுங்காலம் கருதினர். 1952-ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நம் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் இதே கூறு இருப்பதை வெளியிட்டனர். இருளர், குறும்பர், பணியர் முதலிய சமூகத்தாரிடம் இது காணப்படுவதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது கண்டறியப்பட்டது. இன்று ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் எனப் பல மாநிலங்களில் இது பெரும் சுகாதாரச் சிக்கலாக இருப்பது தெரிந்துள்ளது.

அரிவாள் வடிவம் ஏன் இவ்வளவு துன்பம் தருகிறது? வட்ட அணு வளைந்து நெளிந்து நுண்ணிய இரத்தக் குழாய்களில் நுழைந்துவிடும். விறைத்த அரிவாள் அணு அங்கே சிக்கிக்கொள்ளும். பின்னே வரும் அணுக்களும் தேங்கும். குறுகிய வாய்க்காலில் முள் அடைத்தால் தண்ணீர் கடைமடைக்குப் போகாததுபோல, அதற்கப்பால் உள்ள திசுக்களுக்கு ஆக்சிஜன் கிட்டாது. கை, கால், முதுகு, மார்பு என்று தாங்க முடியாத வலி எடுக்கும். மேலும் இயல்பான சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ, அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் சிதைகிறது. ஆகவே சோகை. மண்ணீரல் பழுதுபடுவதால் சிறு குழந்தைகளைத் தொற்றுநோய்கள் எளிதில் கொண்டுபோய்விடும்.

இத்தனைக்கும் மூலம் ஓர் எழுத்துப் பிழை என்றால் நம்புவது கடினம். ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் உண்டு. இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயுற்றவரிடம் அங்கே வேலின் இருக்கிறது. மற்ற 145-இல் எந்த மாற்றமும் இல்லை. 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்த ஹீமோகுளோபின் இயல்பானதிலிருந்து வேறுபட்டது என்று காட்டி, இதனை ‘மூலக்கூறு நோய்’ என்றனர். மாறிய அந்த ஓர் இடத்தை 1950-களில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். இச்சங்கிலிக்கான ஜீன் 11-ஆம் குரோமோசோமில் உள்ளது. அங்கே டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவே இது.

இனிக் கணக்கிற்கு வருவோம். நம் ஒவ்வொருவரிடமும் இந்த ஜீன் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாய் கொடுத்தது; ஒன்று தந்தை கொடுத்தது. இயல்பான ஜீனை ‘இ’ என்றும் அரிவாள் ஜீனை ‘அ’ என்றும் குறிப்போம். இஇ உள்ளவர் நலமானவர். அஅ உள்ளவர் நோயாளி. இஅ உள்ளவரிடம் இருவகை ஹீமோகுளோபினும் இருக்கும். ஆயினும் மிக அரிதான சூழ்நிலைகள் தவிர அவருக்குத் துன்பம் இல்லை. நம்மைப்போல் நடப்பார், உழுவார், சுமப்பார். அவரைக் ‘கடத்தி’ என்கிறோம். தமக்கு இந்த ஜீன் இருப்பதே அவருக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு பச்சைமலை அடிவாரத்தில் ஓர் ஊரில் நடந்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், பத்தாம் வகுப்புத் தம்பி தங்கையருக்கு இதனைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கினேன். தலையாட்டினார்களே தவிர முகத்தில் ஒளி இல்லை. வீட்டுக்கு வந்து என் தாயாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். “நல்லா இருக்கிற ரெண்டு பேருக்கு நோவுப் பிள்ளை எப்புடிப் பொறக்கும்?” என்று கேட்டார். எந்தப் பாடநூலின் பயிற்சி வினாவையும்விட இது நல்ல வினா. விடை சொல்ல நான் எடுத்துக்கொண்டது அவர் தாயம் ஆடும் புளியங்கொட்டை.

தாயத்திற்காகப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவோம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. கறுப்பை ‘இ’ என்றும் வெள்ளையை ‘அ’ என்றும் கொண்டால், அந்தக் கொட்டையே ஒரு கடத்தி! தந்தை ஒரு கொட்டை, தாய் ஒரு கொட்டை. இரண்டையும் சேர்த்துக் குலுக்கிப் போடுவதே ஒரு பிள்ளை பிறப்பது. இரண்டும் கறுப்பாக விழலாம், பிள்ளை இஇ. தந்தை கறுப்பு, தாய் வெள்ளை, பிள்ளை இஅ. தந்தை வெள்ளை, தாய் கறுப்பு, மறுபடியும் இஅ. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் அஅ. நான்கு வழிகள். அவற்றில் நோய்க்கு உரியது ஒன்று. கடத்திக்கு உரியவை இரண்டு. முற்றிலும் விடுபட்டது ஒன்று. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணினால் மூன்று நலம், ஒன்று நோய். மெண்டலின் பட்டாணி இங்கே நம் திண்ணையில் விழுகிறது. (ஒரு குறிப்பு: தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் புளியங்கொட்டை இருபுறமும் சமமாக விழாது. ஆய்வுக்கு இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களே மேல்.)

தாயார் அடுத்து ஒன்று சொன்னார். “அப்ப நாலு பிள்ளை பெத்தா ஒண்ணு நோவு.” இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். பட்டம் பெற்றவர்களும் விலக்கல்லர். ஒரு பிள்ளை நோயோடு பிறந்துவிட்டால் ‘பங்கு தீர்ந்தது’ என்று அடுத்த பிள்ளைக்கு அச்சமின்றி இருப்பவரும் உண்டு. மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறந்துவிட்டதால் நான்காவதற்கு நோய் நிச்சயம் என்று நடுங்குபவரும் உண்டு. இரண்டும் சரியல்ல. கொட்டைக்கு நினைவில்லை. முந்தைய ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று அது எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு புதிதாக நான்கில் ஒன்றே.

இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இருவரும் கடத்திகளாக உள்ள 256 குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பிள்ளைகள். எதிர்பார்ப்புப்படி 81 குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கும் நோய் இராது. 108 குடும்பங்களில் சரியாக ஒரு பிள்ளைக்கு நோய். 54-இல் இரண்டு பிள்ளைகளுக்கு. 12-இல் மூன்று பிள்ளைகளுக்கு. ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்குமே. ‘நான்கில் ஒன்று’ என்பது ஒழுங்காக நிறைவேறும் வீடுகள் பாதிகூட இல்லை! மெண்டலுக்கு மூன்றுக்கு ஒன்று கிடைத்தது, அவர் ஏழாயிரத்துக்கு மேல் விதைகளை எண்ணியதனால். நான்கே விதையுள்ள ஒரு காயை உரித்துப் பார்த்துவிட்டு மெண்டலைப் பொய்யர் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு பிள்ளைகளும் வலியில் துடிக்கும் வீட்டைச் சாபம் பிடித்த வீடு என்று ஊர் சொல்லாமல் இருக்குமா? அது சாபமன்று, 256-இல் ஒன்று.

பழி பெரும்பாலும் மருமகள் தலையில்தான் விழும். ‘அவள் வந்த வேளை’ என்பார்கள். ஆனால் அஅ பிள்ளைக்கு ஓர் அ தாயிடமிருந்து வந்ததென்றால் மற்றொரு அ தந்தையிடமிருந்தே வந்திருக்கவேண்டும். அந்தத் தந்தைக்கு அது அவருடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தது. அதாவது, மருமகளைக் குறை கூறும் மாமியாரோ, பக்கத்தில் வாய்மூடி இருக்கும் மாமனாரோ கொடுத்ததுதான் அந்த மறுபாதி. வீட்டுக்கு வீடு சண்டை மூட்ட இதைச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

இத்தகைய கொடிய ஜீன் தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் இருக்கிறது என்ற ஐயம் எழலாம். 1954-இல் ஆண்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து விடை கண்டார். இஅ உள்ள குழந்தைகளைக் கொடிய வகை மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா மிகுந்த காட்டில் இஇ குழந்தை காய்ச்சலில் இறக்கலாம். அஅ குழந்தை சோகையில் இறக்கலாம். இஅ குழந்தை பிழைத்து வளர்ந்து பிள்ளை பெறும். நீலகிரி அடிவாரக் காடுகளும் வயநாட்டுப் பகுதியும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. அங்கே வாழ்ந்தோரை இந்த ஜீன் காத்தது. காவலுக்கு விலையாக ஒவ்வொரு தலைமுறையிலும் சில குழந்தைகளைக் கேட்டது. ஆகவே இதனை ஒரு சமூகத்தின் இழிவாகப் பேசுவது அறியாமை. ஒரு மக்கட்கூட்டத்தில் ஐவரில் ஒருவர் கடத்தி என்று வைத்துக்கொண்டால், மணமக்கள் இருவருமே கடத்தியாக அமைய வாய்ப்பு 25-இல் ஒன்று. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 100 பிறப்பில் ஒன்று நோயுறும். கடத்திகள் 20 பேர்; அவர்களது பிள்ளைகளில் நோயாளி ஒருவர். நல்லதும் தீயதும் ஒரே ஜீனில்.

‘நீலகிரியில் உள்ளதற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?’ என்று நண்பர்கள் கேட்கலாம். ஜீன் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றே. தலசீமியா என்னும் மற்றொரு இரத்த நோய், உடலில் நிறமி இல்லாமை, பிறவிச் செவிடு வகைகளுள் பல, இவையெல்லாம் இதே வழியில் இரண்டு கடத்திகள் சேரும்போது வெளிப்படுபவை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம் வழக்கம். முறைப்பெண் இருக்க வெளியில் பெண் எடுத்தால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் குடும்பங்கள் உண்டு. ஓர் ஆண் ஏதோ ஒரு ஒடுங்கு நோயின் கடத்தி என்று கொள்வோம். அந்த ஜீனை அவனுக்குத் தந்த பெற்றோர் அவன் அக்காளுக்கும் தந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காள் தன் மகளுக்குத் தந்திருக்க அதில் பாதி. ஆக, அக்காள் மகளும் கடத்தியாயிருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளானால் எட்டில் ஒன்று. உறவில்லாத பெண்ணானால், ஊரில் அந்த ஜீன் எவ்வளவு உண்டோ அவ்வளவே. 50 பேரில் ஒருவர் கடத்தி என்றால் 50-இல் ஒன்று. பிள்ளை நோயுறும் வாய்ப்பு இவற்றில் கால் பங்கு: முறையே 16-இல் ஒன்று, 32-இல் ஒன்று, 200-இல் ஒன்று. நெருங்கிய உறவில் மணந்த பலருக்கும் நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன என்பது உண்மை. என் தாய் தந்தையரே உறவினர்தாம். ஆனால் 16-க்கும் 200-க்கும் உள்ள தூரத்தை ‘எல்லாம் விதி’ என்று தள்ளிவிட முடியாது.

கதிர் அரிவாள் சோகைக்கு இன்று செய்யக்கூடியவை பல. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை, கருவில் இருந்தபோது நமக்கிருந்த ஹீமோகுளோபினை மீண்டும் மிகச் செய்து வலியைக் குறைக்கிறது. இந்திய நோயாளிகள் பலரிடம் அந்தக் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று மிகுந்திருப்பது ஓர் ஆறுதல். குழந்தைப் பருவத்தில் பென்சிலினும் தடுப்பூசிகளும் உயிர் காக்கும். கூடலூரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனை பழங்குடி நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஜீனைத் திருத்தும் முதல் சிகிச்சைக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். பணியர் குடியிருப்பிற்கு அது எந்நாளில் வந்து சேரும் என்று நான் கணக்கிடவில்லை.

2023 ஜூலை 1 அன்று இந்திய அரசு இந்நோயை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தை மத்தியப் பிரதேசத்தில் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரின் இரத்தத்தைச் சோதிப்பது நோக்கம். சோதித்தவருக்கு அவர் நோயாளியா, கடத்தியா, இரண்டும் இல்லையா என்று காட்டும் அட்டை தருகின்றனர். மணம் பேசும்போது இருவர் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது கருத்து. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊரில் எந்த அட்டையும் சீக்கிரம் ஜாதகமாகிவிடும். ‘செவ்வாய் தோஷம்’ போல ‘அட்டை தோஷம்’ என்று பெண்களை ஒதுக்க இது பயன்படுமோ என அஞ்சுகிறேன். கடத்தியான பெண், கடத்தியல்லாத ஆணை மணந்தால் ஒரு பிள்ளைக்கும் இந்நோய் வராது. இருவரும் கடத்திகளானாலும் கருவிலேயே சோதித்தறியும் வழி இருக்கிறது. அட்டையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

முடிக்குமுன் பள்ளித் தம்பி தங்கையருக்கு ஒரு கணக்கு. தாய் தந்தை இருவரும் நலம். மகனுக்கு கதிர் அரிவாள் செல் சோகை. அவன் தங்கை நலமாக இருக்கிறாள். அவள் கடத்தியாயிருக்க வாய்ப்பு என்ன? பாதி என்றுதான் பலரும் எழுதுவர். நான்கு வழியில் இரண்டு இஅ அல்லவா? ஆனால் அவள் நலமாக இருப்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே அஅ என்ற வழியை அடித்துவிட வேண்டும். எஞ்சியவை மூன்று, அவற்றில் இஅ இரண்டு. விடை மூன்றில் இரண்டு. அவள் ஒரு கடத்தியை மணந்தால் முதற்பிள்ளை நோயுறும் வாய்ப்பு, மூன்றில் இரண்டின் கால் பங்கு, அதாவது ஆறில் ஒன்று. இவ்வளவும் தாளில்தான். அவளுடைய சில துளி இரத்தத்தை எடுத்து எலக்ட்ரோபோரசிஸ் சோதனைக்கு அனுப்பினால் மூன்றும் இல்லை, இரண்டும் இல்லை. அவள் கடத்தி, அல்லது கடத்தி அல்லள். அதன்பின் அவள் போடவேண்டிய கணக்கு வேறு.